பின்னால் ‘ஒன்றும் தெரியவில்லை’யா? ‘ஒன்றும் இல்லை’யா?



வழக்கமாக இங்கே கட்டுரைப் பயிற்சி, வாசிப்பு, தேர்வு, பள்ளி நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். இன்று மகிழுந்தைப் பற்றி எழுதப் போகிறேன். அதிலும் குறிப்பாக, இரவு நேரத்தில் மகிழுந்தைப் பின்னோக்கிச் செலுத்துவது பற்றி! “ஆசிரியைக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், விழா முடிந்த இரவு வேளையில் பள்ளி வளாகத்தில் வண்டிகளைப் பின்னோக்கிச் செலுத்துகிறவர்கள் யார்? ஆசிரியர்களாகிய நாங்கள், பெற்றோர்களாகிய நீங்கள். அந்த வண்டிகளுக்குப் பின்னால் ஓடி விளையாடுகிறவர்கள் யார்? நம் பிள்ளைகள். ஆகவே, இது நம்முடைய பாடம்தான்.

இதை எழுத எனக்குப் பல நாள் தயக்கம் இருந்தது. காரணம், இது என்னுடைய தவற்றில் தொடங்குகிறது.

அன்றிரவு நடந்தது

எங்கள் பள்ளி ஒரு காலத்தில் தோட்டப் பள்ளியாக இருந்தது. இன்றும் மூன்று பக்கம் செம்பனை மரங்கள். வளாகத்துக்கு வெளியே தெருவிளக்குக் கிடையாது. கடந்த ஆண்டு பரிசளிப்பு விழாவன்று மாலை 5 மணிக்குப் பள்ளிக்கு வந்தேன். கை நிறையப் பரிசுப் பொருள்கள், மாலைகள், பதாகை. அவசரத்தில் மண்டபத்தின் பக்கவாட்டில் சுவரைப் பார்த்தவாறு வண்டியை நேராகச் செருகி நிறுத்திவிட்டு ஓடினேன். அப்போது நல்ல வெயில். வளாகத்தில் நான்கைந்து ஆசிரியர்களைத் தவிர யாரும் இல்லை.

விழா முடிந்து வெளியே வந்தபோது இரவு மணி 9.40. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒலிபெருக்கியில் இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோர்கள் ஆங்காங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளோ நடன உடையோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியில் ஏறினேன். ரிவர்ஸ் கியரைப் போட்டேன். திரையில் கேமராவின் படம் வந்தது. அதில் மழைத்துளிகளும், அத்துளிகளில் சிதறிய வெளிச்சமும், நடுவில் கறுப்பாக ஓர் இருட்டும் தெரிந்தன. உள்கண்ணாடியைப் பார்த்தேன்; இருட்டு. பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், ஈரம். “ஒன்றும் இல்லை” என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

வண்டி ஓரடி நகர்ந்திருக்கும். படார் என்று வண்டியின் பின்பகுதியில் யாரோ ஓங்கி அறைந்தார்கள். “டீச்சர்! நிறுத்துங்க! பிள்ள இருக்கு!” எங்கள் பள்ளிப் பாதுகாவலரின் குரல். இறங்கி ஓடினேன். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, என் வண்டியின் பின்னால் குந்தி அமர்ந்து, காலில் கட்டியிருந்த சலங்கையிலிருந்து அறுந்து விழுந்த மணிகளைத் தரையில் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “டீச்சர், இன்னும் ரெண்டு மணி காணோம்” என்றாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அவளுடைய தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை நானே சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “நானும் அப்படித்தான் டீச்சர் வண்டிய எடுப்பேன்” என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் இதை எழுத வைத்தது.

நான் செய்த பிழை ஒரு மொழிப் பிழை என்றே இப்போது தோன்றுகிறது. கேமராவும் கண்ணாடியும் எனக்குச் சொன்னது, ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பது. நான் அதை ‘ஒன்றும் இல்லை’ என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். இரண்டுக்கும் இடையில்தான் அந்தச் சிறுமி அமர்ந்திருந்தாள்.

இரவில் ஏன் பின்னால் தெரிவதில்லை?

நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே ‘கோஸ்தான்’ என்றுதான் சொல்கிறோம். “கொஞ்சம் கோஸ்தான் பண்ணுங்க” என்றால் புரியாதவர் இல்லை. கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்லும் ‘கோ அஸ்டர்ன்’ என்ற ஆங்கில ஆணைதான் மருவி இவ்வாறு ஆயிற்று என்பர். கப்பலைப் பின்னோக்கி எடுக்கும்போது பின்தளத்தில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்வார். நாமோ சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். பின்னால் நிற்கும் ஆளை விட்டுவிட்டோம்!

சரி, காரணங்களுக்கு வருவோம்.

முதற்காரணம் விளக்கு. மகிழுந்தின் முன்விளக்கில் ஹாலோஜன் குமிழாக இருந்தால் அது பெரும்பாலும் 55 வாட். தொலைவுக்கு ஒளி பாய்ச்சுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட விளக்கு அது. பின்னோக்கிச் செல்லும்போது எரியும் வெள்ளை விளக்கோ வழக்கமாக 16 அல்லது 21 வாட் குமிழ்தான். சில வண்டிகளில் அப்படி ஒரே ஒரு விளக்குதான் இருக்கும். அதன் வேலைகளில் ஒன்று, ‘இந்த வண்டி பின்னால் வருகிறது’ என்று பிறருக்கு அறிவிப்பது. நமக்கு வழிகாட்டுவதற்கு அந்த ஒளி போதும் என்று எதிர்பார்ப்பது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கரும்பலகையைப் படிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது காரணத்தை நாமே காசு கொடுத்து வாங்கி ஒட்டிக்கொள்கிறோம். ‘டின்டெட்’ என்று நாம் சொல்லும் கறுப்புப் படலம்! நம் நாட்டு வெயிலுக்கு அது வேண்டும் என்பதை மறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் முதல் இதற்கான விதிகள் தளர்த்தப்பட்டன. முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும். முன்கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு. பின்கதவுகளுக்கும் பின்கண்ணாடிக்கும் வரம்பே இல்லை என்றாயிற்று. ‘சட்டம் இடம் கொடுக்கிறதே’ என்று பலரும் பின்கண்ணாடியை முழுக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

ஐந்தாம் ஆண்டுக் கணக்காக இதைப் போட்டுப் பார்ப்போமா? வெறும் கண்ணாடியே வெளியில் உள்ள ஒளியில் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத்தான் உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 20 விழுக்காடு ஒளி விடும் படலத்தை ஒட்டுகிறோம். 75-இல் 20 விழுக்காடு எவ்வளவு? 15. அதாவது, நூறு பங்கு ஒளியில் 85 பங்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. நண்பகலில் எஞ்சிய 15 பங்கே தாராளம். ஆனால், செம்பனைத் தோட்டத்தின் இருட்டில், 21 வாட் விளக்கின் ஒளியில் 15 பங்கு என்றால்? பகலில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த அதே படலம் இரவில் சுவராகிவிடுகிறது.

மூன்றாவது காரணம் நம் கண். வெளிச்சமான மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் நம் கண் இருட்டுக்குப் பழகிவிடுவதில்லை. முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். நாமோ மண்டபத்திலிருந்து வந்து இரண்டு நிமிடத்தில் வண்டியை எடுக்கிறோம். அதற்குமுன் கைப்பேசியைத் திறந்து புலனத்தில் வந்த படங்களையும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம்! இதில் வயதும் சேர்ந்துகொள்கிறது. வயது ஏற ஏறக் கண்மணி இருட்டில் முன்புபோல் விரிவதில்லை, கண்வில்லையும் மங்குகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் செல்லும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் செல்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பர். நாற்பதைத் தாண்டிய நான் இடையில் எங்கோ இருக்கிறேன். பேரப் பிள்ளைகளை ஏற்றிச்செல்ல வரும் தாத்தாக்களை நினைத்துப் பாருங்கள்.

“கேமரா இருக்கிறதே!”

இதை எழுதப் போகிறேன் என்றதும் சக ஆசிரியர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கேமரா நல்ல கருவி. அதில் ஐயமில்லை. அமெரிக்காவில் அதற்காக ஒரு சட்டமே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் தம் வீட்டு வாசலுக்குள் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினார். கண்ணாடிகளைப் பார்த்தார், திரும்பியும் பார்த்தார். ஆயினும் இரண்டு வயதுடைய தம் மகன் கேமரன் கல்பிரான்சென் வண்டிக்குப் பின்னால் வந்ததை அவர் காணவில்லை. குழந்தை இறந்துபோனது. அக்குழந்தையின் பெயரிலேயே இயற்றப்பட்ட சட்டம் 2008-இல் கையெழுத்தானது. அதன்கீழ் விதிகள் 2014-இல் முடிவாகி, 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அந்நாட்டில் தயாராகும் எல்லாப் புதிய மகிழுந்துகளிலும் பின்புறக் காட்சி கட்டாயமாயிற்று. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் கொண்ட பகுதி ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. பின்னோக்கிவரும் வண்டிகளால் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறப்பதாக அப்போது அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டிருந்தது. அவர்களில் 31 விழுக்காட்டினர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள். 26 விழுக்காட்டினர் எழுபதைத் தாண்டிய முதியவர்கள். ஆக, பேரப்பிள்ளையும் தாத்தாவும்!

ஆகவே, கேமராவை நான் குறை சொல்லவில்லை. ஆனால், கேமராவும் ஒரு கண்தான். வெளிச்சம் இல்லாவிட்டால் அதற்கும் தெரியாது. அதன் வில்லை கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரே ஒரு மழைத்துளியோ கொஞ்சம் சேறோ போதும், பாதிப் படம் மறைந்துவிடும். அகன்ற கோணத்தில் காட்டுவதால் பொருள்கள் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். ‘பீப் பீப்’ என்று ஒலிக்கும் உணர்கருவிகளோ தாழ்வான, மெலிந்த பொருள்களைச் சில வேளைகளில் தவறவிட்டுவிடும். குந்தி அமர்ந்திருக்கும் ஏழு வயதுச் சிறுமி தாழ்வானவள், மெலிந்தவள்.

இன்னொரு கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நாம் நடக்கும் வேகம். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு, புரிந்து, பிரேக்கை மிதிக்க நமக்கு ஒன்றரை விநாடி ஆகிறது என்றால், அதற்குள் வண்டி 2 மீட்டருக்கு மேல் போய்விடும். 10 கிலோமீட்டர் வேகமென்றால் 4 மீட்டருக்கு மேல். ஆகவே, கேமராவில் கண்டபின் நிறுத்திக்கொள்ளலாம் என்பது பல நேரங்களில் காலம் கடந்த செயல்.

ஒரு சிறு சோதனை

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் பயின்றபோது எங்கள் விரிவுரையாளர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். கரும்பலகையில் எழுதி முடித்ததும் கடைசி வரிசை நாற்காலியில் போய் அமர்ந்து நம் எழுத்தை நாமே பார்க்க வேண்டும். எழுதியவருக்குத் தெரிவது வேறு, பார்ப்பவருக்குத் தெரிவது வேறு என்பார்.

விழா நடந்த மறுவாரம் அதையே மகிழுந்துக்குச் செய்து பார்த்தோம். இரவு 8 மணி. நான் ஓட்டுநர் இருக்கையில். உடற்கல்வி அறையிலிருந்து எடுத்து வந்த ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை ஓர் ஆசிரியை வண்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டே போனார். நான் உள்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரடி, ஈரடி, பத்தடி, பதினைந்தடி... தெரியவே இல்லை. கடைசியில் வளாக விளக்குக் கம்பத்தருகே வைத்தபோதுதான் தெரிந்தது. அதுவும் கம்பத்தின் வெளிச்சத்தால். என் வண்டியின் வெளிச்சத்தால் அன்று. பிறகு நாங்கள் இடம் மாறினோம். பின்னால் போய் நின்ற நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். என் வண்டியின் இரண்டு பின்னோக்கு விளக்குகளில் ஒன்று எரியவே இல்லை! எத்தனை மாதமாக எரியவில்லையோ, தெரியாது. முன்னால் அமர்ந்து ஓட்டுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இந்தச் சோதனையை ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பத்துப் பேச்சைவிட ஒரு கூம்பு அதிகம் சொல்லும்.

நான் செய்துகொண்ட மாற்றங்கள்

எல்லாரும் செய்யக்கூடியவை என்பதால் வரிசையாகத் தருகிறேன்.

1. பின்கண்ணாடியில் இருந்த கறுப்புப் படலத்தை மட்டும் எடுத்துவிட்டேன். பின்கதவுகளில் அப்படியே இருக்கிறது. வெயிலும் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: பின்கண்ணாடியின் உட்புறத்தில் நீர்ப்படலத்தைப் போக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும். படலத்தை நாமே கத்தியால் சுரண்டினால் அவை அறுந்துவிடும். கடையில் கொடுத்து எடுப்பதே நல்லது.

2. எரியாத குமிழை மாற்றினேன். மங்கிப்போயிருந்த விளக்கின் மூடியையும் தேய்த்துத் துடைத்தேன். விளக்கு எரிகிறதா என்பதை இப்போது வாரம் ஒருமுறை, இரவில் வீட்டுச் சுவரில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு பார்த்துக்கொள்கிறேன். கண்ணைப் பறிக்கும் கூடுதல் விளக்குகளை நாமாகப் பொருத்திக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை. நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகப் பின்னால் வருகிறவரைக் குருடாக்கக் கூடாது. அதற்கு விதிகளும் இருக்கின்றன.

3. வண்டியின் பக்கக் கதவில் ஒரு துணி வைத்திருக்கிறேன். ஏறுமுன் கேமராவின் வில்லை, பக்கக் கண்ணாடிகள் மூன்றையும் துடைக்க அரை நிமிடம் போதும்.

4. பின்னோக்கி எடுக்கும்போது உள்விளக்கையும் பாட்டையும் நிறுத்திவிடுகிறேன். இருபக்கச் சன்னல்களையும் இறக்கிவிடுகிறேன். இதற்குச் செலவே இல்லை! கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்த பக்கக் கண்ணாடி இப்போது நேராகத் தெரிகிறது. அதைவிட முக்கியம், காது திறந்திருக்கிறது. அன்றிரவு என் சன்னல் திறந்திருந்தால் சலங்கை ஒலி கேட்டிருக்கும்.

5. ஏறுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வருகிறேன். புது வண்டி வாங்கியவுடன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டு, தீபாராதனை காட்டி வண்டியைச் சுற்றி வருகிறோம் அல்லவா? அந்த ஒரு நாளோடு நிறுத்திவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தக் கூம்புச் சோதனையை மீண்டும் நடத்தினோம். கூம்பு இப்போது தெரிந்தது. ஆனால், பத்தடிக்கு அப்பால் வைத்தால்தான்! வண்டியை ஒட்டி வைத்தபோது உள்கண்ணாடியில் இப்போதும் தெரியவில்லை. பின்கதவின் உயரம் மறைக்கும் இடத்தை எந்த வெளிச்சமும் காட்டாது.

இதிலிருந்துதான் நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன்.

இருட்டில் பின்னோக்கிச் செல்வதையே தவிர்ப்போம்

பின்புறம் தெரிவதற்கு என்னென்ன செய்யலாம் என்று யோசிக்கும் நாம், இருட்டில், பிள்ளைகள் நடுவில், பின்னோக்கிச் செல்ல வேண்டிய தேவை ஏன் வருகிறது என்று யோசிப்பதில்லை. மாலை 5 மணிக்கு வந்தபோது எனக்கு வெளிச்சம் இருந்தது. வளாகம் காலியாக இருந்தது. அப்போதே வண்டியைப் பின்னோக்கி நிறுத்தியிருந்தால், இரவு 9.40-க்கு முன்விளக்கின் முழு வெளிச்சத்தில், கண்முன்னே எல்லாம் தெரிய, நேராக வெளியே வந்திருப்பேன். வண்டியை ஒருமுறை பின்னோக்கிச் செலுத்தியே ஆகவேண்டும். அதை வெளிச்சத்தில் செய்வதா, இருட்டில் செய்வதா? ஆளில்லாதபோது செய்வதா, பிள்ளைகள் ஓடும்போது செய்வதா? இதை முடிவு செய்வது நம் கையில்தான் இருக்கிறது. கேமராவோ புது விளக்கோ வாங்காமலேயே செய்யக்கூடிய மாற்றம் இது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்மையாகப் பார்ப்போம்.

“வரும்போது பின்னோக்கி நிறுத்தினால் நேரமாகும், வாசலில் நெரிசல் ஏற்படும்” என்பார்கள். உண்மைதான். ஆனால் வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். போகும்போதுதான் எல்லாரும் ஒரே நேரத்தில் போகிறார்கள். வரும்போது செலவாகும் ஒரு நிமிடம் போகும்போது திரும்பக் கிடைத்துவிடும்.

“புகைபோக்கி வகுப்பறைப் பக்கம் இருக்குமே” என்பார்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் இது சரியான மறுப்பு. சன்னலை ஒட்டிய இடங்களில் அப்படி நிறுத்த வேண்டாம். நான் பேசுவது இரவு நிகழ்ச்சிகளைப் பற்றி.

“வண்டியின் பின்பெட்டியிலிருந்து சாமான்களை இறக்க வேண்டுமே” என்பார்கள். என்னுடைய சாக்கும் அதுதான். முதலில் மண்டப வாசலில் இறக்கிவிட்டுப் பிறகு நிறுத்தியிருக்கலாம். சோம்பலுக்கு நான் வைத்த பெயர் அவசரம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘எப்போதும் பின்னோக்கி நிறுத்து’ என்று மனப்பாடம் செய்துகொண்டால் அதுவும் பிழையாகிவிடும். இரவில் வீடு திரும்பும்போது, வாசலில் குழந்தை ஓடிவரக்கூடும் என்றால், அங்கே நேராக நுழைவதே நல்லது. மறுநாள் காலை வெளிச்சத்தில், குழந்தை யாருடைய கையிலாவது இருக்கும்போது பின்னோக்கி எடுக்கலாம். அந்த அமெரிக்க மருத்துவர் இரவில் தம் வீட்டுக்குள் பின்னோக்கித்தான் நுழைந்தார் என்பதை மறக்க வேண்டாம். மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான்: பின்னோக்கிச் செல்வதை, வெளிச்சமும் இடமும் இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

எங்கள் தலைமையாசிரியரிடம் நான் கொடுத்த பரிந்துரைகள் இவை. இவற்றுள் முதல் மூன்றும் அடுத்து வந்த பொங்கல் விழாவிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டன.

முதலாவது, மாலை நேர நிகழ்ச்சிக்கு வரும் எல்லா வண்டிகளும் வரும்போதே பின்னோக்கி நிறுத்தப்பட வேண்டும். அழைப்பிதழிலேயே இதை ஒரு வரியில் அச்சிட்டோம். நம் நாட்டில் ஏழு மணியைத் தாண்டித்தான் இருட்டுகிறது. அதற்குள் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். தாமதமாக வருகிறவர்களுக்குப் பெரியவர் ஒருவர் கைவிளக்கோடு நின்று வழிகாட்டினார்.

இரண்டாவது, நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் மண்டபத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பெற்றோர் வந்து கையைப் பிடித்து அழைத்துச் செல்லும்வரை வகுப்பாசிரியர் விடக்கூடாது.

மூன்றாவது, வளாக விளக்கு ஒன்றைத் திருப்பி, வண்டிகள் நிற்கும் தரையில் ஒளி படும்படி செய்தோம். முன்பு அது பள்ளியின் பெயர்ப்பலகையை மட்டுமே அலங்கரித்துக்கொண்டிருந்தது!

நான்காவது, பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும் என்ற நிலையில் உள்ள வண்டிக்குப் பின்னால், பக்கவாட்டில், ஓட்டுநருக்குத் தெரியும் இடத்தில் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாணவரை இந்த வேலைக்கு நிறுத்தக் கூடாது. இது இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

“பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், டீச்சர். வண்டிக்குப் பின்னால் ஏன் போகிறார்கள்?” என்று ஒரு தந்தை கேட்டார். சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். வலம், இடம், மீண்டும் வலம் பார்த்துச் சாலையைக் கடக்க நானே ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். ஆனால், பள்ளி வளாகத்தில் நிற்கும் வண்டி திடீரென்று பின்னால் வரும் என்பதை நான் கற்பித்ததில்லை. வெள்ளை விளக்கு எரிந்தால் விலகி நில் என்று இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். எனினும், அறுந்த மணியைத் தேடும் ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த நேரத்தில் உலகத்தில் மணி மட்டும்தான் இருக்கும். அது குழந்தையின் இயல்பு. அந்த இயல்பை அறிந்து நடக்க வேண்டியவர்கள், வண்டிச் சாவியைக் கையில் வைத்திருக்கும் நாம்தான்.

அன்று என் வண்டியை ஓங்கி அறைந்த பாதுகாவலரிடம் பிறகு நன்றி சொன்னேன். “அண்ணே, நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “நான் எல்லா நாளும் அங்க நிக்க முடியாதே, டீச்சர்” என்றார்.

அதுதான் உண்மை. அவர் எல்லா நாளும் எல்லா வண்டிக்கும் பின்னால் நிற்க முடியாது.

ஆகவே, அன்புப் பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! அடுத்த முறை இரவில் ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போது, பின்னால் ஒன்றும் இல்லையா, அல்லது ஒன்றும் தெரியவில்லையா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விடை இரண்டாவது என்றால், தயவுசெய்து வண்டியை விட்டு இறங்கிப் பாருங்கள்.

அந்தச் சிறுமி இப்போது இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். காணாமற்போன இரண்டு மணிகளில் ஒன்று மறுநாள் காலையில் என் வண்டி நின்ற இடத்தில் கிடைத்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டேன். மற்றொன்று இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் பள்ளியில் இரவு நிகழ்ச்சிகளின்போது என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதை அறிய ஆவலாக உள்ளேன். எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை